தினமும் நடந்தும் எலும்பு மெலிவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பத்து ஆண்டுகளாக நாள் தவறாமல் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அப்படியிருந்தும் சென்ற மாதம் எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.1 என்றும் இடுப்பில் மைனஸ் 1.7 என்றும் வந்திருக்கிறது. என் தாயார் 78 வயதில் குளியலறையில் விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து, அதன்பின் எழுந்து நடமாடவே இல்லை. எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் சற்று வலிக்கிறது. தேய்மானம் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். ‘இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதே, படி ஏறாதே’ என்கிறார்கள் உறவினர்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பேத்திக்குப் பதினோரு வயது. பள்ளி விட்டு வந்ததும் ஸ்கிப்பிங் ஆடுவாள். ‘வயதுக்கு வரப்போகிற பெண் இப்படிக் குதிக்கக் கூடாது’ என்று என் மாமியார் கயிற்றை வாங்கி வைத்துவிட்டார். யார் சொல்வது சரி?
– கும்பகோணம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் எலும்பைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேத்தியின் கயிற்றைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எலும்பு உயிருள்ள திசு. தன்மீது விழும் விசை எத்தகையது என்பதை அறிந்து, அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளவும் கரைத்துக்கொள்ளவும் செய்கிறது. அது எந்த விசைக்குச் செவிசாய்க்கிறது, எதைப் பொருட்படுத்துவதில்லை என்பது தெரிந்துவிட்டால், பத்து ஆண்டு நடந்தும் ஸ்கேன் ஏன் இப்படி வந்தது என்பதும் விளங்கிவிடும்.

கை முறிந்து ஆறு, ஏழு வாரம் மாவுக்கட்டில் இருந்த இளைஞர் ஒருவருக்குக் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தால், முறிந்த இடம் கூடியிருக்கும். ஆனால் மணிக்கட்டைச் சுற்றியுள்ள எலும்புகள் முன்பு எடுத்த படத்தைவிட வெளிறித் தெரியும். உண்ட உணவில் குறைவில்லை, வயதும் இருபத்தைந்துதான். வேலை இல்லாததால் மட்டுமே அந்த எலும்பு சுண்ணாம்பை விட்டுக்கொடுத்திருக்கிறது. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கியிருந்த வீரர்களின் இடுப்பெலும்பு, மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழந்ததாக அளந்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண் ஒருவர் ஏறக்குறைய ஓர் ஆண்டில் இழக்கும் அளவை, உடல் எடையே இல்லாத இடத்தில் அவர்கள் ஒரே மாதத்தில் இழந்திருக்கிறார்கள்.

இந்த அறிவு புதிதன்று. 1860-களில் சூரிச் நகரில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூற்று அறிஞர், தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்குவாட்டில் அறுத்து, உள்ளேயிருக்கும் மெல்லிய எலும்பு இழைகள் வளைவு வளைவாக ஒழுங்குடன் செல்வதைக் காட்டினார். அதைக் கண்ட கார்ல் குல்மன் என்ற பொறியாளர், பாரந்தூக்கி ஒன்றின் வளைந்த கையில் அழுத்தமும் இழுவையும் செல்லும் கோடுகளும் இப்படியேதான் அமையும் என்று கூறினார். பெர்லின் நகர அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இந்தக் கருத்தை விரித்து 1892-இல் ஒரு விதியாகவே வகுத்தார். அவருடைய கணக்கில் பிழைகள் உண்டென்று பின்னால் வந்தவர்கள் காட்டினாலும், விசை செல்லும் வழியில் எலும்பு அமைகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வெளியே எடுத்த தொடை எலும்பின் தலையை இரண்டாக அறுத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். மேலிருந்து எடை இறங்கும் பாதையில் இழைகள் நெருக்கமாக, விசிறி மடிப்பைப் போல இறங்கியிருக்கும். இரண்டு அடுக்கு இழைகளுக்கு நடுவே, விசை அதிகம் படாத ஓரிடம் மட்டும் கொழுப்பு நிரம்பிக் கிடக்கும். எலும்பு மெலிந்த முதியவர்களிடத்தில் அந்த வெற்றிடம் பெரிதாகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினாலே அது பொதுக்கென்று உள்ளே போகும்.

விசையை அறிந்துகொள்வது யார் என்றால், எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள்தான். எலும்பில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இவையே. நுண்ணிய கால்வாய்களின் வழியே ஒன்றோடொன்று கைகோத்து இவை கிடக்கின்றன. எலும்பு வளையும்போது கால்வாய்களில் உள்ள நீர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை இவை உணர்கின்றன. ஓட்டம் இல்லாத இடத்தில் இச்செல்கள் ஸ்கிளெரோஸ்டின் என்னும் புரதத்தைச் சுரந்து, புதிய எலும்பு கட்டப்படுவதைத் தடுக்கின்றன. நல்ல விசை விழும் இடத்தில் அந்தச் சுரப்பு குறைந்து, கட்டும் வேலை தொடங்குகிறது.

உங்கள் நடைப்பயிற்சிக்கு நேரடியாக விடை தருவது 1984-இல் வெளியான ஒரு சோதனை. கிளின்டன் ரூபினும் லான்ஸ் லேன்யனும் சேவல்களின் இறக்கை எலும்பு ஒன்றை இயல்பான அசைவு எதுவும் படாமல் தனிமைப்படுத்தி, அதன்மீது நாள்தோறும் அளந்த விசையைச் செலுத்தினார்கள். எந்த விசையும் பெறாத எலும்பு கரைந்தது. நாளைக்கு நான்கே முறை விசை பெற்ற எலும்பு கரையாமல் நின்றது. முப்பத்தாறு முறை பெற்றது தடித்து வளர்ந்தது. ஆனால் 1,800 முறை பெற்ற எலும்பு, முப்பத்தாறு முறை பெற்றதைவிட மிகுதியாக வளரவில்லை. இதே இருவர் வேறொரு சோதனையில், விசையை விட்டுவிட்டுத் தராமல் அசையாத பாரமாக அழுத்தி வைத்தபோது, எலும்பு அதைக் கணக்கிலேயே கொள்ளவில்லை. பின்னர் எலிகளில் செய்த ஆய்வுகள், ஒரே மூச்சில் தரும் விசையைவிடச் சில மணி நேர இடைவெளி விட்டுப் பிரித்துத் தரும் விசைக்கு எலும்பு நன்றாக வினை புரிவதைக் காட்டின.

ஆகவே எலும்பு அடிகளை எண்ணுவதில்லை. விசை எவ்வளவு பெரிது, எவ்வளவு விரைவாக வந்து விழுகிறது, வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறுபட்டது என்பதையே பார்க்கிறது. சமதளத்தில் நடக்கும்போது கீழ்க்கால் எலும்பு சுருங்குவது பத்தாயிரத்தில் சில பங்குதான். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் வரும். அந்த அளவுக்கு உங்கள் எலும்பு முதல் சில மாதங்களிலேயே பழகிவிட்டது. பத்தாவது ஆண்டில் நீங்கள் நடக்கும் நடை அதற்குப் புதிய செய்தி எதையும் சொல்வதில்லை. நடைப்பயிற்சியை மட்டுமே மேற்கொள்ளும் பெண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. நடப்பதை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உறக்கத்துக்கும் மனத்துக்கும் அது செய்யும் நன்மை பெரிது. எலும்பின் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு இருக்க முடியாது.

இதோடு மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றமும் சேர்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்குகிறது. விசைக்கு எலும்பு காட்டும் வினையும் மந்தப்படுகிறது. இழப்பின் அளவைவிட, எந்த இடத்தில் இழக்கிறோம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முள்ளெலும்பின் உட்புறம் கட்டடத்துக்குக் கட்டும் மூங்கில் சாரத்தைப் போன்றது. செங்குத்து இழைகள் எடையைத் தாங்குகின்றன. குறுக்கு இழைகள் அவற்றைப் பிணைத்து வைக்கின்றன. வயதாகும்போது முதலில் அற்றுப்போவது பெரும்பாலும் குறுக்கு இழைகளே. சாரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்குக் கழிகளை அறுத்துவிட்டால், செங்குத்துக் கழியின் பிடிப்பில்லாத நீளம் இரு மடங்காகிறது. நீளம் இரு மடங்கானால் அது வளைந்து ஒடியாமல் தாங்கக்கூடிய சுமை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இது கட்டடப் பொறியாளர் எவரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. எலும்பின் அளவு கொஞ்சமே குறைந்திருந்தும் முதுகு கூன் விழுவது இதனால்தான்.

தாயாரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைப் படித்தபோது மனம் கனத்தது. இதுபோன்ற முறிவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடை எலும்பின் கழுத்தில் கீழ்ப்பக்கம்தான் பெரும் அழுத்தத்தைத் தாங்குகிறது. மேல்பக்கத்துக்கு வேலை குறைவு. வேலை குறைந்த அந்த மேல்விளிம்பு, நடந்துகொண்டேயிருப்பவர்களுக்கும்கூட, வயதாக ஆக மெல்லிய தகடாகிவிடுகிறது. பக்கவாட்டில் விழும்போது விசை தலைகீழாகிறது. ஒருநாளும் பெருஞ்சுமை தாங்கியறியாத மேல்விளிம்பின்மீதே முழு அழுத்தமும் வந்து விழுகிறது. விரிசல் அங்கே தொடங்குகிறது. விழாமல் பார்த்துக்கொள்வதை மருந்துக்கு இணையான சிகிச்சை என்று நாங்கள் கருதுவது இதனாலேயே.

முழங்காலுக்கு வருவோம். மூட்டுமுனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் எடையில் பெரும்பகுதி நீர். அழுத்தும்போது நீர் வெளியேறி, விடும்போது மூட்டுத் திரவம் உள்ளே வருவதன் மூலமாகவே அது உணவு பெறுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கார்ட்டர் போன்ற பொறியியலாளர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, குழந்தையின் குருத்தெலும்பு எங்கே எலும்பாக மாற வேண்டும், எங்கே கடைசிவரை குருத்தாகவே நிற்க வேண்டும் என்பதையே விசைதான் பெருமளவு தீர்மானிக்கிறது என்று விளக்கினார்கள். எல்லாப் பக்கமும் சீராக, விட்டுவிட்டு அழுத்தப்படும் இடத்தில் குருத்து நீடிக்கிறது. உருக்குலைக்கும் விசை மிகும் இடத்தில் எலும்பாதல் விரைகிறது. எனவே மூட்டை ஓய்வில் வைத்துப் பாதுகாக்கலாம் என்ற எண்ணம், சகோதரி, குருத்தெலும்பைப் பட்டினி போடுவதாகவே முடியும்.

2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உடல்நலத்துக்காக ஓடுபவர்களிடையே முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடாகவும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடையே 10.2 விழுக்காடாகவும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களிடையே 13.3 விழுக்காடாகவும் இருந்தது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்ற காரணமும் இதில் கலந்திருக்கும். ஆயினும் அளவான பயன்பாடு மூட்டை அழிப்பதில்லை என்பதற்கு இது போதிய சான்று. உங்கள் முழங்காலுக்குப் படிக்கட்டு பகையன்று. தொடையின் முன்தசை வலுவிழந்திருப்பதும், கூடுதல் எடை இருந்தால் அதுவுமே பகை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது. வலி இருக்கும் நாள்களில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுங்கள்; வீக்கம் இருந்தால் மட்டும் சில நாள் நிறுத்துங்கள்.

பேத்தியைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன். உங்கள் மாமியாரின் அக்கறை உண்மையானது. அவர் காலத்தில் எல்லா வீடுகளிலும் சொல்லப்பட்டதையே அவரும் சொல்கிறார். ஆனால் கயிறு தாண்டுவதால் கருப்பைக்குத் தீங்கு வருவதில்லை, உயரமும் நின்றுவிடுவதில்லை. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, இடைவிடாமல் அழுத்தப்பட்டால் மெதுவாக வளரும் என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. குழந்தைகளின் முட்டுக்காலை நிமிர்த்த நாங்கள் சிறு உலோகத் தகடு பொருத்துவதும் அந்த நியதியை வைத்துத்தான். ஒரு நொடிக்கும் குறைவாக வந்து விலகும் குதிப்பின் விசை அந்த வகையைச் சேர்ந்தது அன்று.

மாறாக, அந்தக் குதிப்பே அவளுக்கு இப்போது கிடைக்கும் பெருஞ்செல்வம். வளர்ச்சி வேகம் பிடிக்கும் காலத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில், ஒரு பெண் வளர்ந்தபின் கொண்டிருக்கும் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பருவமடையாத சிறுவர் சிறுமியரை, இரண்டடி உயரப் பெட்டியிலிருந்து வாரம் மூன்று நாள், நாளைக்கு நூறு முறை குதிக்கச் செய்தார்கள். ஏழு மாதங்களில், குதிக்காத குழந்தைகளைவிட அவர்களுடைய தொடைக் கழுத்தில் எலும்புத் தாது 4.5 விழுக்காடும் முதுகின் கீழ்ப்பகுதியில் 3.1 விழுக்காடும் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் ஒப்பிட்டபோது, பூப்பெய்துவதற்கு முன்போ அதையொட்டியோ ஆடத் தொடங்கியவர்களுக்கு ஆடும் கையின் எலும்பில் கிடைத்த ஆதாயம், காலந்தாழ்ந்து தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு இருந்தது.

இளமையில் சேர்ந்தது முதுமைவரை நிற்குமா என்ற ஐயம் எழும். பேஸ்பால் பந்து வீசும் வீரர்களை ஆராய்ந்தபோது, ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், வீசிய கையின் எலும்பில் கூடிய பருமனில் பாதியும், கூடிய வலிமையில் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சியிருந்தன. இதற்குக் காரணம் எளிது. வளரும் எலும்பு விசைக்கு விடையாகத் தன் வெளிச்சுற்றில் பொருளைச் சேர்க்கிறது. முதுமை உட்சுற்றிலிருந்து அரிக்கிறது. நடுவிலிருந்து தள்ளியிருக்கும் பொருளே வளைவை வலுவாக எதிர்க்கும் என்பதால், வெளியே சேர்த்தது நெடுநாள் பயன் தருகிறது. ஆகவே கயிற்றை அவளிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சிமென்ட் தரையைவிட மண்தரை நல்லது. நொண்டியும் பாண்டியும் அதே பலனைத் தருபவை. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் சில நாள் ஓய்வு கொடுத்து, மருத்துவரிடம் காட்டலாம். கேழ்வரகும் தயிரும், அசைவம் உண்பவர்களானால் முள்ளோடு தின்னும் நெத்திலியும், மாலை வெயிலைவிட நண்பகலையொட்டிய சிறிது வெயிலும் அவளுக்கு வேண்டும். கட்டுவதற்குப் பொருளில்லாமல் விசை மட்டும் எலும்பைக் கட்டிவிடாது.

உங்களுக்குச் செய்ய வேண்டியதில் முதலாவது, முதுகெலும்பில் நீங்கள் அறியாமலே ஏற்பட்ட முறிவு ஏதும் இருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே மூலம் பார்த்துவிடுவது. முள்ளெலும்பு நசுங்குவது பல நேரங்களில் வெறும் முதுகுவலியாகவே கடந்துபோய்விடும். வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் டி-ஸ்கோர் எலும்புப்புரை என்னும் எல்லையான மைனஸ் 2.5-ஐ எட்டவில்லை, ஆனால் பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருப்பது ஒருவரின் முறிவு அபாயத்தைத் தனியாகவே உயர்த்துகிறது. இந்தச் செய்தியையும் சேர்த்து, எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிராக்ஸ் என்னும் கணக்கீட்டின்படி மாத்திரையோ ஊசியோ தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். தேவை என்று வந்தால் மறுக்க வேண்டாம். உடற்பயிற்சி மருந்துக்கு மாற்றாக வருவதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

‘குடத்தைக்கூடத் தூக்காதே’ என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்முன்னே கனமான எடைகளைத் தூக்கியும், பிடித்துத் தொங்கிக் குதித்து இறங்கியும் பழகினார்கள். எட்டு மாதங்களில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளையே இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். அவர்களும் முதல் மாதத்தை முறையாகக் குனியவும் நிமிரவும் கற்றுக்கொள்வதிலேயே கழித்தார்கள்.

முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்குவதை ஓர் இயன்முறை மருத்துவரிடம் நேரில் பழகுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கி, அது எளிதானதும் கையில் இரண்டு கிலோ, பிறகு நான்கு கிலோ என்று கூட்டலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலில் உயர்ந்து, குதிகால் தரையில் ‘தொம்’ என்று படும்படி இறங்குவதைக் காலையில் இருபது, மாலையில் இருபது என்று பிரித்துச் செய்யுங்கள். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும். அடுப்பில் பால் காயும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது, தாயாருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் காப்பதில் பெரிய பங்கு வகிக்கும். குளியலறையில் கைப்பிடி பொருத்துவதையும், வழுக்கும் மிதியடியை அகற்றுவதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். வயிறு குறையும் என்று சொல்லப்படும், படுத்த நிலையிலிருந்து முதுகை வளைத்து எழும் பயிற்சியை மட்டும் செய்யவே வேண்டாம். முன்பக்கமாக வளையும்போதுதான் மெலிந்த முள்ளெலும்பு நசுங்குகிறது.

எலும்பு ஓரிடத்தைக் கரைத்துப் புதிதாகக் கட்டி முடிக்க நான்கு முதல் ஆறு மாதங்கள்வரை எடுத்துக்கொள்ளும். அதனால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் எடுத்து மனம் தளர வேண்டாம். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, இயன்றால் அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. எண் கூடாமல் அதே அளவில் நின்றிருந்தாலும், உங்கள் வயதில் அது நல்ல செய்தியே. இடையில் திடீரென்று முதுகில் கடுமையான வலி வந்து, படுத்தால் குறைந்து, எழுந்தால் கூடினால், அடுத்த ஸ்கேன் நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.